கரண்ட் வைத்த கணக்கைக் கையில் கொடுங்கள்

மதுரையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சு சிகிச்சையும் தரும் மருத்துவர்களுக்கும், அந்த மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ரேடியேஷன் (நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’) முடித்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள். உடம்பில் எந்தெந்த இடத்தில் வைத்தீர்கள், மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை, எந்த வகை மெஷின், என்று தொடங்கி என்று முடிந்தது. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நோய் திரும்பி வரும் நாளில், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். அப்போது அந்தப் பெண்ணிடம் பதில் இருப்பதில்லை.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. அண்ணா நகர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் ஆஸ்பத்திரி ஃபைல்காரர்கள்தான். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பயாப்ஸி ரிப்போர்ட், எல்லாம் மூன்று செட். மெஷினில் வைப்பதற்காகப் பின்னைக் கழற்றும்போது தாளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அறுவை சிகிச்சை பற்றி இரண்டு பக்கம் இருக்கும். கீமோவுக்கு மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாம் இருக்கும். ரேடியேஷனுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே வரி: ‘ஆர்.டி. கம்ப்ளீட்டட்’, அதாவது ரேடியேஷன் முடிந்தது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

அந்த ஒரு வரி என்ன பாடு படுத்தும் என்பதை என் மதினி விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மதினிக்கு இடது மார்பை எடுத்தது ஒரு தனியார் நர்சிங் ஹோமில். கரண்ட் வைத்தது வேறோர் ஆஸ்பத்திரியில். பிறகு தினம் ஒரு மாத்திரை, 5 வருஷம். அதையும் ஒருநாள் விடாமல் முடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் யாரும் அதைப் பேசுவதுகூட இல்லை. அப்புறம் ஒரு கோடையில், தழும்புக்கு மேலே துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒன்று எழும்பியது. வேனல் கட்டி என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பக்கத்திலேயே இரண்டாவது வந்தபோதுதான் அண்ணன் கையோடு மதுரைக்குக் கூட்டி வந்தார். சதை எடுத்துச் சோதித்தார்கள். அதே நோய்தான்.

“திரும்பி வந்துட்டா அவ்வளவுதான், இனி செலவழிச்சு என்ன?” என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு, நுரையீரல், கல்லீரல் எங்கும் இல்லை. நெஞ்சுச் சுவரின் தோலிலும் அடுத்த சதையிலும் மட்டும்தான். மார்பை எடுத்த பிறகு நோய் திரும்பினால், தழும்பிலும் நெஞ்சுச் சுவரிலும் அக்குளிலும் காறை எலும்புக்கு மேலேயும் வருவது ஒரு வகை. தூரத்து உறுப்புகளுக்குப் போவது இன்னொரு வகை. முதல் வகை மட்டும் என்றால் குணப்படுத்திவிடும் நோக்கத்தோடேயே வைத்தியம் பார்க்கலாம் என்றார். வெட்டி எடுக்க முடிந்ததை எடுப்பது, ரேடியேஷன், நோயின் தன்மையைப் பொறுத்து மாத்திரையோ கீமோவோ. எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பியும் ஹெர் 2 என்ற புரதமும் முதல் தடவை இருந்த மாதிரியே இருக்கும் என்று நம்பக் கூடாது, திரும்பி வந்த கட்டியிலும் பார்த்தாக வேண்டும் என்று அதற்கும் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

அடுத்து அவர் கேட்டது: “முன்னால எவ்வளவு ரேடியேஷன் குடுத்தாங்க?”

மதினிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உசிலம்பட்டியில் விடியற்காலை பஸ் ஏறியது, செக்கானூரணியில் ஏறி உட்கார இடம் கேட்ட கல்லூரிப் பெண், ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறியது, மெஷின் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன். “ஒரு மாசத்துக்கு மேல போனேன் டாக்டர். படுக்க வச்சு ரெண்டு மூணு நிமிஷத்துல எழுப்பி விட்டுருவாங்க.” டாக்டர் ஃபைலைப் புரட்டினார். ‘ஆர்.டி. டு செஸ்ட் வால், கம்ப்ளீட்டட்.’ அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கரண்ட் வைத்த மெஷினே அங்கே இல்லை, கழற்றிக் கொண்டுபோய்ப் பல காலம் ஆகிவிட்டதாம். ரெக்கார்ட் அறையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “மூணு வருஷத்துக்கு மேல வைக்கிறதில்லைங்க.” பிறகு விசாரித்ததில், அவர் சொன்னது சட்டப்படி சரிதான். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளில், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்றும் இருக்கிறது. 72 மணி நேர உரிமை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. 3 வருஷம் என்பதுதான் இந்த நோய்க்கு ஒத்துவராத கணக்கு. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 10 வருஷம் கழித்துக்கூடத் திரும்பும் என்று நீங்களே கூட்டங்களில் பேசுகிறீர்கள். நோய் 10 வருஷம் காத்திருக்கும், காகிதம் 3 வருஷத்தில் எடைக்குப் போய்விடும் என்றால் என்ன செய்வது?

கடைசியில் காப்பீட்டுக்குக் கொடுத்த நகல் ஒன்று அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதில் ‘கோபால்ட்’ என்ற ஒரு சொல் இருந்தது. அளவு இல்லை.

எத்தனை நாள் போனார், எவ்வளவு நேரம் படுத்தார் என்பது தெரிந்தால் போதாதா என்று நான் அந்த டாக்டரிடம் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இந்த மடலைப் படிக்கிற குடும்பத்தாருக்காக இங்கே சொல்கிறேன்.

மார்புக்கு ரேடியேஷன் என்றால் முன்பெல்லாம் 50 கிரே, 25 தடவை, வாரம் 5 நாள் வீதம் 5 வாரம். இங்கிலாந்தில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளுக்குப் பிறகு 40 கிரேயை 15 தடவையில், 3 வாரத்தில் முடிக்கிறார்கள். 2020-ல் வெளியான ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வுக்குப் பிறகு 26 கிரே, 5 தடவை, ஒரே வாரம் என்பதும் வந்துவிட்டது. மொத்தத்தைப் பார்த்தால் 50-க்கும் 26-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஒரு தடவைக்கு வைக்கும் அளவு 2 கிரேயிலிருந்து 5.2 கிரே வரை கூடுவதால், நோயைத் தடுப்பதில் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். ஆகவே மொத்தம் மட்டும் தெரிந்தாலும் பயனில்லை, தடவை மட்டும் தெரிந்தாலும் பயனில்லை. இரண்டும் வேண்டும்.

படுத்திருந்த நேரமும் உதவாது. கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் 5 வருஷமும் சில மாதமும் போனால் பாதியாகிவிடும். புதிதாகப் பொருள் மாற்றிய மெஷினில் ஒரு பெண் 2 நிமிஷம் படுத்து வாங்கிய அளவை வாங்க, 5 வருஷம் கழித்து அதே மெஷினில் இன்னொரு பெண் கிட்டத்தட்ட 4 நிமிஷம் படுக்க வேண்டும். இப்போது பல இடங்களில் இருக்கும், மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக் மெஷினில் கணக்கே வேறு. அதனால் மெஷின் எது என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது எல்லைக்கோடு. நெஞ்சுச் சுவருக்கு மட்டுமா, காறை எலும்புக்கு மேலேயும் வைத்தார்களா, அக்குளைச் சேர்த்தார்களா? கைக்குப் போகும் நரம்புக்கொத்து அந்த வழியாகத்தான் போகிறது. ஏற்கெனவே முழு அளவு வாங்கிய நரம்பின் மேல் தெரியாமல் இன்னொரு முழு அளவை வைத்தால், சில வருஷம் கழித்துக் கை மரத்து, வலித்து, செயலிழந்து போகலாம். விலா எலும்பு முறியலாம், தோல் ஆறாமல் புண்ணாகலாம். இடது பக்கம் என்றால் இதயமும் இருக்கிறது. கதிர்வீச்சால் உடம்பு பட்ட பாதிப்பில் ஒரு பங்கு பல வருஷம் ஆனாலும் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும்.

அதற்காக ஒருமுறை வைத்த இடத்தில் மறுபடி வைக்கவே கூடாது என்பதும் கிடையாது. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, ரேடியேஷனும் வாங்கிய பெண்ணுக்கு அதே மார்பில் நோய் திரும்பினால், மார்பையே எடுத்துவிடுவதுதான் வழக்கம். அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. 1014 என்ற ஆய்வில், முதல் ரேடியேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலான, 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டி உள்ள பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் 45 கிரேயை 30 தடவையாகப் பிரித்து, நாளைக்கு இரண்டு தடவை 1.5 கிரே வீதம் மறுபடி வைத்துப் பார்த்தார்கள். 5 வருஷத்தில் 90 சதவீதம் பேர் மார்பை இழக்காமல் இருந்தார்கள். நெஞ்சுச் சுவர் போன்ற இடங்களில் வெட்டி எடுக்க முடியாத கட்டி என்றால், ரேடியேஷனோடு அந்த இடத்தைச் சூடேற்றுவது இன்னொரு வழி. 5 ஆய்வுகளைச் சேர்த்து 1996-ல் வெளியிட்ட முடிவில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 59 சதவீதம். முன்பே ரேடியேஷன் வாங்கியவர்களுக்குத்தான் இதில் அதிகப் பலன் கிடைத்தது. அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது, அது தெரியும். ஆனால் இதில் எந்த வழியில் இறங்குவதானாலும் பழைய கணக்கு கையில் இருந்தால்தான் டாக்டரால் துணிந்து முடிவெடுக்க முடியும்.

மதினி விஷயத்தில் அந்தத் துணிவுக்கு இடமில்லாமல் போனது. எவ்வளவு வைத்தார்கள் என்று தெரியாததால், காறை எலும்பு வரை முழு அளவும் வைத்ததாகவே எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டியிருந்தது. தழும்போடு சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, முதுகிலிருந்து தோலும் சதையும் கொண்டுவந்து மூடினார்கள். ரேடியேஷன் உண்டு, ஆனால் சிறிய இடத்துக்கு, கையை அடக்கி வைத்த அளவில். ஒருவேளை முன்பு வைத்தது குறைவாக இருந்திருந்தால் இப்போது இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த டாக்டர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இல்லாத காகிதத்துக்கு அவர் என்ன செய்வார்?

அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். என் கடைக்கு வரும் ஃபைல்களில் இன்னொரு வகையும் உண்டு. கட்டியை எடுத்தாச்சு, தையல் பிரிச்சாச்சு, வீட்டுக்குப் போகலாம் என்பதோடு முடிந்துபோன ஃபைல். ரேடியேஷன் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வரி இருக்காது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் குழுவினர் 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. ரேடியேஷன் இல்லாதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, ரேடியேஷன் பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு. மார்பை முழுதாக எடுத்தவர்களிலும், நெறிக்கட்டிகளில் நோய் இருந்தால் ரேடியேஷன் வேண்டியிருக்கிறது. தேவையா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை. ஆனால் ‘தேவையில்லை, இந்தக் காரணத்தால்’ என்றாவது எழுதுங்கள். எதுவுமே எழுதாத தாளை வைத்துக்கொண்டு, தேவையில்லை என்று விட்டார்களா, மறந்து விட்டார்களா என்று பின்னால் வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்படியே, தழும்பில் எதைப் பார்த்தால் உடனே வர வேண்டும் என்பதையும் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுங்கள். வலிக்காத சிறு முடிச்சு, ஆறாத சிவப்புத் தடிப்பு, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ நெறி, திடீரென்று கை வீக்கம். வலித்தால்தான் நோய் என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். வலிக்காததற்கு மஞ்சள் பூசுகிறார்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வைக்கப் போகும் பாட்டியிடம் பேரப்பிள்ளையை விடக் கூடாது, கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று தனி அறையில் படுக்க வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து மெஷினால் வைக்கும் ரேடியேஷன், மெஷினை நிறுத்தியதும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். இதையும் அந்த நாலு வரியோடு ஐந்தாவதாகச் சேர்த்துவிட்டால் நிறையப் பாட்டிகள் உங்களை வாழ்த்துவார்கள்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ராமநாதபுரம், சிவகங்கை, தேனி என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. தனியாரிலும் கூட்டம்தான். ஒரு மெஷின், காலையிலிருந்து இரவு வரை ஓட்டம். எழுத நேரம் எங்கே என்பீர்கள். ஆனால் நான் கேட்பது புதிதாக எழுதச் சொல்லும் விஷயம் இல்லை. அளவும் தடவையும் எல்லையும் திட்டமிடும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அது இல்லாமல் மெஷினே ஓடாது. அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரிண்ட் போடுவதுதான் வேலை. முடிந்தால் திட்டம் முழுவதையும் ஒரு சி.டி.யிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுக்கலாம். அடுத்த ஆஸ்பத்திரியில் கதிர் அளவைக் கணக்கிடும் ஃபிசிசிஸ்ட் பழைய எல்லையைப் புதிய ஸ்கேனின் மேல் பொருத்திப் பார்க்க அது உதவும் என்கிறார்கள். கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே, எதற்குத் தாள் என்று ஒரு ஆஸ்பத்திரி மேனேஜர் என்னிடம் கேட்டார். சாஃப்ட்வேர் மாறினால், மெஷின் மாறினால், ஆஸ்பத்திரியே கை மாறினால் அந்தக் கம்ப்யூட்டர் எங்கே போகும் என்று கேட்டேன். சிரித்தார்.

தொலைத்துவிடுவார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நகை அடகுச் சீட்டையும் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தையும் தொலைக்காத ஜனம் இது. எந்தத் தாள் முக்கியம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். ஒரு யோசனை மட்டும்: லேமினேஷன் செய்யச் சொல்லாதீர்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனால் பின்னால் வேறு டாக்டர் அதில் எதுவும் எழுத முடியாது. அப்புறம் பெயர். மதினியின் பெயர் மூன்று ஃபைலில் மூன்று விதமாக இருந்தது, வயதும் முன்னே பின்னே. பழைய ரெக்கார்டைத் தேடும்போது அதுவே பாதி நாளைத் தின்றது. ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதி, ஆஸ்பத்திரி எண்ணையும் பயாப்ஸி பிளாக் (சோதித்த சதையைப் பதப்படுத்தி வைத்த மெழுகுக் கட்டி) எண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

மாதிரித் தாள் ஒன்றை நானே கடையில் டைப் அடித்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம், மேலே நெஞ்சுப் படம், எந்த இடம் என்று கோடு போட. மதினியின் டாக்டர் அதில் இரண்டு திருத்தம் சொன்னார்: பூஸ்ட் என்று கூடுதலாக வைக்கும் அளவுக்குத் தனிக் கட்டம் வேண்டும், நடுவில் எத்தனை நாள் சிகிச்சை விட்டுப்போனது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று. சேர்த்துவிட்டேன். இன்னும் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதையும் சேர்த்து, எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் ஃபைலாகவே அனுப்பிவிடுகிறேன். உங்கள் பெயரும் முத்திரையும் போட்டு நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அண்ணா நகரில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவன்
மதுரை